“இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” – ஹவுஸ், டெக்னோ கேட்பவர்களிடம் ஒரு கேள்வி

ரதவீதி:
எல்லாருக்கும் வணக்கம். நெல்லை டவுன்தான் எனக்கு. ஒன்றரை வருடமாக ஹவுஸும் டெக்னோவுமாகவே (இரண்டும் மெஷினில் உண்டாக்கி ஒரே அடியில் ஓடுகிற ஆட்ட இசை) கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா முக்கூடல் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறார். போன ஆடிக் கொடைக்கு ஓர் ஊரில் பாக்ஸ் எல்லாம் அடுக்கி முடித்ததும், டெஸ்ட் பண்ண எதையாவது போடு என்றார். ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ போட்டேன். மூன்று நிமிடம் துண்டைத் தோளில் போட்டபடி பொறுமையாக நின்றவர், “எய்யா, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றைக்குக் கூட வந்த கூட்டாளி ஒருவன், கோவா டிரான்ஸ் (அதுவும் மின்னணு ஆட்ட இசையில் ஒரு வகைதான்) தவிர வேறெதையும் தொடமாட்டான், அவனும் இது வறட்டு மெஷின் சத்தம் என்று சொல்லிவிட்டான்.

என் கேள்வி இரண்டு. இந்த இசையின் போக்கையே மாற்றிய பதிவுகள் என்று எதையெல்லாம் சொல்வீர்கள்? உங்களுக்குப் பிடித்த பட்டியலைக் கேட்கவில்லை, பின்னால் வந்தவர்களை மாற்றியவை எவை என்று கேட்கிறேன். அப்புறம், ஒரே தாளத்தில் ஓடுகிற இசையில் ஒருவருக்கு உயிரானது இன்னொருவருக்கு ஏன் ஒன்றுமே இல்லாமல் போகிறது?

சிந்துபூந்துறை:
தம்பி, பிடித்ததையும் மாற்றியதையும் நீங்களே பிரித்துக் கேட்டது நல்லது, பாதிச் சண்டை அங்கேதான் வருகிறது. என்னைக் கேட்டால் 1977-லிருந்து தொடங்குவேன். அந்த ஒரே வருடத்தில்தான் டோனா சம்மர் பாட, ஜார்ஜியோ மொரோடர் கூட்டணி உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’, கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ இரண்டும் வந்தன. முதல் பாட்டை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். இடது காதில் பேஸ் சுரம் விழுகிறது, ஒரு கண் இமைப்புக்குள் அதே சுரம் வலது காதில் எதிரொலியாக விழுகிறது. அந்த இரண்டும் சேர்ந்துதான் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது, வாசித்தது அதில் பாதிதான். குரலையும் அடித்து வாசித்த கிக் டிரம்மையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தள்ளிவிட்டால் அநேகமாக மற்றதெல்லாம் மூக் சிந்தசைசர் (மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் கருவி). இன்றைக்கு ஓடுகிற எத்தனையோ டிரான்ஸ் பாட்டுக்கு அந்த ஓட்டம்தான் அடித்தளம். உங்கள் கூட்டாளியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கிராஃப்ட்வெர்க் குழுவினர் ஜெர்மனியின் டுசல்டார்ஃப்காரர்கள். அவர்களுடைய மெட்டை எடுத்துத்தான் 1982-ல் நியூயார்க்கில் ‘பிளானட் ராக்’ வந்தது, டிட்ராய்ட்டில் டெக்னோவை உண்டாக்கிய மூன்று பேரும் (பெல்வில் என்ற சின்ன ஊரில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்தவர்கள்) அதே கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிராஃப்ட்வெர்க்கை நான் கும்பிடுவேன், தினமும் போட்டுக் கேட்கமாட்டேன். நான் திரும்பத் திரும்பக் கேட்பது 1987-ல் டிட்ராய்ட்டிலிருந்து வந்த ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’. அதில் பேஸ் என்ற ஒன்றே கிடையாது, பியானோவும் வயலின் மாதிரியான ஒலியும் வெட்டி வெட்டி வந்து நெஞ்சில் நிற்கும். சிகாகோவில் வேர்ஹவுஸ் கிளப்பில் தட்டு போட்ட பிராங்கி நக்கிள்ஸ் ஹவுஸை வளர்த்தது தனிக் கதை, ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

நீங்கள் போட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ பற்றி அந்தக் குழுவின் டி.ஜே. பியர் சொல்லும் கதை ஒன்று உண்டு. பதிவு வெளியாகும் முன்பே சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் தட்டு போடுகிற ரான் ஹார்டி அதை ஒரே ராத்திரியில் நான்கு முறை போட்டிருக்கிறார். முதல் முறை ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள், நான்காவது முறை அதே கூட்டம் வெறிபிடித்து ஆடியது. அதே ஆட்கள், அதே ராத்திரி! உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு முறைதானே போட்டீர்கள்?

மைக்செட்_அண்ணாச்சி:
பாட்டு வரலாறு எனக்குத் தெரியாது, பாக்ஸ் தெரியும். முப்பது வருடமாக இதே பிழைப்பு. ரசனை ரசனை என்று பேசுகிறோம், முதலில் அவர் எதில் கேட்டார் என்று பாருங்கள். இந்த மாதிரிப் பாட்டில் கிக் விழுவது ஐம்பது ஹெர்ட்ஸ் பக்கம். அது குழாய் ஸ்பீக்கரில் வரவே வராது, போனிலும் வராது, மேலே உள்ள டிக் டிக் மட்டும்தான் மிஞ்சும். அதைக் கேட்டுவிட்டு ஒருவர் வறட்டுச் சத்தம் என்றால் அவர் சொல்வதில் தப்பில்லை, அவர் காதுக்கு வந்தது அவ்வளவுதான்.

இன்னொன்று. தெரு நீளத்துக்கு இந்தக் கோடியில் ஒரு செட், அந்தக் கோடியில் ஒரு செட் கட்டுவோம். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 85 மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸின் அடி கால் நொடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டென்றால் அடிக்கு அடி அரை நொடி, பிந்தி வருவது சரியாக இரண்டு அடிக்கு நடுவில் போய் விழுந்து தாளத்தையே குழப்பிவிடும். சினிமாப் பாட்டென்றால் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காது சமாளித்துவிடும். இதில் பிடித்துக்கொள்ள அடியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஒரே இடத்தில் அடுக்கி, பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டுப் பாருங்கள் தம்பி.

கல்லிடை:
அண்ணாச்சி சொன்னது ரொம்பச் சரி. நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். திரும்பத் திரும்ப ஒரே அடி என்பது நமக்குப் புதுசா என்ன? சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்கு நின்றிருக்கிறீர்களா? இரண்டு மகுடம் (தோல் பறை), தீயில் காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். சாமம் தாண்டி, கதை கொஞ்சம் ஒதுங்கி மகுடம் மட்டும் பிடித்து நிற்கும் நேரம் ஒன்று வரும். அப்போது யாரும் பாட்டு எப்போது வரும் என்று கேட்பதில்லை, உடம்பு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சித்தப்பா அதையெல்லாம் பார்த்தே வளர்ந்திருப்பார். பாக்ஸில் வந்தால்தான் பல்லவிக்குக் காத்திருக்கிறார், பாக்ஸ் என்றாலே சினிமாப் பாட்டு என்று பழகிவிட்டதால்.

பட்டியலில் எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் 808 டிரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து ஓர் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்ததே 1987-ல், அதே 303-ஐ வைத்துத்தான். அந்தத் தட்டு அப்போது விற்கவில்லை, 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. யாரும் கேட்காததால் அது பின்னால் வந்தவர்களை மாற்றியது என்று சொல்ல முடியாது, ரதவீதியின் கேள்விக்குக் கறாராகப் பார்த்தால் அது பட்டியலில் வராது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கேட்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், அதில் பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் இந்தோளம்.

சிந்துபூந்துறை:
கல்லிடை அண்ணன், சரண்ஜித் சிங்குக்கு நன்றி, எனக்கு அவர் ஞாபகம் வராமல் போனது தப்புத்தான். ஆனால் மகுடத்தையும் இதையும் ஒன்றாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மகுடம் அடிக்கிறவர் சாமியாடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். கால் தளர்ந்தால் அடியை இழுப்பார், ஆட்டம் ஏறினால் கூட ஏறுவார். 303 யார் முகத்தையும் பார்க்காது. ரான் ஹார்டி பார்த்தார், அதனால்தான் நான்காவது முறையும் போட்டார். வீட்டில் தனியாகத் தட்டைப் போட்டுக் கேட்கிறவருக்கு அந்த ஆள் இல்லை. பலருக்கு இது ஒட்டாமல் போவதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

கல்லிடை:
பார்க்கிற ஆள் வேண்டும் என்பது சரி. மெஷினுக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது அக்கா. 303-ஐக் கிடாரிஸ்ட்டுகள் பேஸ் வாசிக்க ஆளில்லாமல் பயிற்சி செய்யட்டும் என்றுதான் செய்தார்கள், பேஸ் கிடார் மாதிரியே ஒலிக்கவில்லை, 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோ பையன்கள் கைக்கு வந்தது. ‘ஆசிட் டிராக்ஸ்’ முழுக்க அதே சில சுரங்கள்தான், நிறுத்தாமல் மெஷினின் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள், ஒலி மூடிக்கொள்கிறது, திறக்கிறது, கீச்சிடுகிறது. அந்தத் திருகல்தான் பாட்டு. முதல் நொடியிலேயே ஆரம்பித்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

ரதவீதி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு முன்னால் ஒரே ஒரு பேஸ் பாக்ஸும் ஒரு டாப்பும் (மேல் சத்தத்துக்கான பாக்ஸ்) வைத்து, அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மறுபடி போட்டேன். அந்தக் கீச்சுச் சத்தத்தை மட்டும் கவனிங்க சித்தப்பா, பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. நாலைந்து நிமிடம் போனது. ஆம்ப்ளிஃபயரில் டிரெபிள் வைக்கிற மாதிரியே அவர் விரல் இரண்டும் மடியில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்புறம், “ஒருத்தன் திருகிக்கிட்டே இருக்காம்லா?” என்றார்.

பிடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார். சரண்ஜித் சிங்கின் மால்கௌன்ஸை மட்டும் இரண்டு முறை போடச் சொன்னார், அடுத்த கொடைக்கு டெஸ்ட் பண்ண அதையே பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறோம். கூட்டாளிக்கு ‘ஐ ஃபீல் லவ்’ அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.