நாளை சாயங்காலம் காலி வீடு காட்டணும், தனியாகப் போகலாமா? அவசரம்

சாவிக்கொத்து:
அவசரமாகக் கேட்கிறேன். ஒரு பார்ட்டி நாளைக்கு ஆறரை மணிக்கு வீடு பார்க்க வருகிறேன் என்கிறார். வீடு காலி. எங்கள் புரோக்கர் ஆபீஸில் கூட வர ஆள் இல்லை, வீட்டு ஓனரும் ஊரில் இல்லை. போனில் பேசியதிலிருந்து மனசுக்கு ஏனோ சரியாகப் படவில்லை. வேண்டாம் என்றால் பார்ட்டி கைநழுவிவிடும், ஆபீஸில் திட்டு விழும். நீங்கள் எல்லாம் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? பெப்பர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொண்டால் போதுமா?

கோவை மனை:
எந்த ஊர்? பிளாட்டா, தனி வீடா? வாடகைக்கா, விற்பனைக்கா? வாட்ச்மேன் உண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது சார்.

தாம்பரம் தாஸ்:
சார், ஸ்பிரேயை நம்பி இறங்காதீர்கள். மூடிய அறைக்குள் அடித்தால் அடித்தவர் கண்ணும் சேர்ந்துதான் எரியும். பையைத் துழாவி எடுப்பதற்குள் நேரமும் போய்விடும்.

கதவைப் பாருங்கள், அதுதான் முக்கியம். கேட்டைத் திறந்ததும் பூட்டையும் சாவியையும் கொண்டியிலேயே தொங்கவிட்டுவிட்டு உள்ளே போவது நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பின்னால் வருபவர் உள்ளே வந்ததும் அதே பூட்டை மாட்டிவிடலாம். பூட்டு, சாவி இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மெயின் டோரில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக் என்றால் கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுங்கள். பார்ட்டி முன்னால் போகட்டும், நீங்கள் ஹாலிலேயே வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். பெட்ரூம், பாத்ரூம், மொட்டைமாடி எல்லாம் "போய்ப் பாருங்க" என்று சொன்னால் போதும்.

கோவை மனை:
தாஸ் சொல்வது சரி. ஆனால் மாடி வீடா என்றே தெரியவில்லையே.

சாவிக்கொத்து:
சார் இல்லை, மேடம். சென்னை, மேடவாக்கம் தாண்டி உள்ளே. தனி வீடு, கீழும் மேலும் சேர்த்து வாடகைக்கு. வாட்ச்மேன் கிடையாது.

மயிலை மூத்தவர்:
அம்மா, இந்தத் தொழிலில் முடி நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். பார்ட்டி என்றால் நாலு விதமாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் பார்த்துப் பயந்தால் சாவியை ஓனரிடமே கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். இதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. மனைவியோடு வரச் சொல். வந்தால் குடும்பஸ்தன். அப்புறம், ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், ஏஜென்ட் பதிவு எடுத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போ. ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்.

அடையாறு பானு:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். மனைவியோடு வந்தால் பயமில்லை என்பது நம்பத்தகுந்த சோதனை இல்லை. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பெவர்லி கார்ட்டர் என்ற ஏஜென்ட் 2014 செப்டம்பரில் காலி வீடு காட்டப் போன இடத்தில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றது ஒரு கணவனும் மனைவியும். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று நிருபர்கள் கேட்டபோது, தனியாக வேலை செய்யும் பெண் என்பதைத்தான் அந்த ஆள் காரணமாகச் சொன்னான். நம்மிடம் அவர்கள் பார்ப்பது இந்தத் தனிமையைத்தான். அதை எப்படி இல்லாமல் செய்வது என்று யோசிப்போம். அடையாள அட்டை அதற்கு உதவாது.

வேளச்சேரி வக்கீல்:
ரெரா பற்றி ஒரு வார்த்தை. 2016 சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஏஜென்ட் பதிவு கேட்பது, பதிவான திட்டங்களில் உள்ள மனை, பிளாட்டை விற்றுக்கொடுப்பவர்களிடம். இவர் காட்டப்போவது வாடகை வீடு. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மயிலை மூத்தவர்:
சட்டம் படித்தவர்களுக்குக் களம் தெரியாது. பதிவு என்பது ஒரு கௌரவம், அதைச் சொன்னேன்.

பல்லாவரம் பிரபு:
எதற்கு இவ்வளவு சண்டை? முதலிலேயே ஆதார் காப்பியை வாட்சாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தப்பான ஆள் அனுப்ப மாட்டான். நான் எல்லோரிடமும் வாங்குகிறேன்.

கோவை மனை:
வாங்கி எங்கே வைக்கிறீர்கள்? ஊரார் ஆதாரை எல்லாம் போன் கேலரியில் சேர்த்து வைப்பது பார்ட்டிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் இருக்கிறது, கேட்டால் அதைக் கேளுங்கள். படத்தில் பெயரை மாற்றுவதும் இந்தக் காலத்தில் பெரிய வேலை இல்லை.

பல்லாவரம் பிரபு:
அப்படியென்றால் எதையுமே கேட்க வேண்டாமா? ஹோட்டலில் ரூம் போட்டாலும்தான் கேட்கிறார்கள்.

கோவை மனை:
கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் வரும்போது அசலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வண்டி நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுங்கள். அது அவர் கண்ணெதிரே நடந்தால் இன்னும் நல்லது.

தாம்பரம் தாஸ்:
ஆதார் சண்டைக்குத் தனி இழை போடலாம். அந்தப் பெண் நாளைக்குப் போக வேண்டும்.

அடையாறு பானு:
சாவிக்கொத்து, ஒன்று கேட்கிறேன். அவர் போனில் என்னவெல்லாம் விசாரித்தார்? வாடகைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். போரா, லாரியா, உப்பா என்று கேட்காமல் மேடவாக்கம் பக்கம் யாரும் வீடு எடுப்பதில்லை. அப்புறம் அட்வான்ஸ் எத்தனை மாதம், கார் நிறுத்த இடம், ஓனர் எங்கே இருக்கிறார், சைவம் மட்டுமா. உங்கள் ஆள் இதில் எதையாவது கேட்டாரா?

சாவிக்கொத்து:
இல்லை அக்கா. வாடகைகூடக் கேட்கவில்லை. போட்டோவும் வேண்டாம் என்றார். நீங்கள் மட்டும்தானே வருவீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் வீடுகள் இருக்கிறதா என்று கேட்டார். காலையில் வாங்க என்றேன், சாயங்காலம்தான் முடியும் என்கிறார். அங்கே கரண்டும் கட், பில் கட்டவில்லை.

அடையாறு பானு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஸ்பிரேயா, ஆதாரா என்ற பேச்சே எழுந்திருக்காது. போகாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, கரண்டும் இல்லாத வீட்டில் ஆறரைக்கு அவர் எதைப் பார்க்கப் போகிறார்?

முதல் சந்திப்பு காலி வீட்டில் நடக்கவே கூடாது, அது யாராக இருந்தாலும். ஆபீஸுக்கு வரட்டும், இல்லையென்றால் மெயின் ரோட்டில் ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடை வாசலில் நிற்கட்டும். முகத்தைப் பார்த்து, பேரை எழுதி, அப்புறம் அவர் வண்டியில் அவர், உங்கள் ஸ்கூட்டியில் நீங்கள். இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "சார், முதல் தடவை வருபவர்களை ஆபீஸில் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். காலை 11 மணிக்கு வாங்க, எங்கள் ஸ்டாஃப் இன்னொருவரும் கூட வருவார்." மன்னிப்பு கேட்கிற தொனியே வேண்டாம். வீடு நிஜமாகவே வேண்டும் என்கிறவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேளச்சேரி வக்கீல்:
ஆபீஸில் திட்டினால் இதைச் சொல்லுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, வேலை நிமித்தம் போகிற இடமும் பணியிடம்தான். அங்கே வருகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று 19ஆம் பிரிவே சொல்கிறது. சம்பளமே வாங்காமல் வேலை செய்பவரையும் அந்தச் சட்டம் ஊழியர் என்றுதான் சேர்த்திருக்கிறது. அதனால் கமிஷன் ஆள்தானே என்று அவர் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

மயிலை மூத்தவர்:
முதலாளியிடம் சட்டம் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. அனுபவத்தில் சொல்கிறேன். போனில் லைவ் லொகேஷனைப் போட்டுவிட்டுப் போனால் போதும் அம்மா.

தாம்பரம் தாஸ்:
லைவ் லொகேஷன் போடட்டும் ஐயா, ஆனால் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வாட்சாப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றுதான் உண்டு. நெட் போனால் புள்ளி அப்படியே நின்றுவிடும்.

லண்டனில் 1986 ஜூலை 28 அன்று சூசி லாம்ப்ளூ என்ற 25 வயது ஏஜென்ட் வீடு காட்டப் போனார். போகும் முன் டைரியில் நேரம், முகவரி, "மிஸ்டர் கிப்பர்" என்ற பெயர் எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். இன்றுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு ஆளிடம் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்கு அவர் கூப்பிட வேண்டும், நீங்கள் எடுக்காவிட்டால் யோசிக்காமல் அவசர எண் 112 அடிக்க வேண்டும். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப்பையும் இன்றே இறக்கி ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை 5 தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகும், செட்டிங்ஸில் பாருங்கள்.

ஆண்கள் இதை எல்லாம் படிக்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். செயினும் போனும் பறிபோன ஆண் புரோக்கர்களை எனக்கே தெரியும்.

பல்லாவரம் பிரபு:
ஆதாரில் நான் சொன்னது இன்னும் சரிதான் என்பேன்.

சாவிக்கொத்து:
பானு அக்கா சொன்ன மெசேஜை அப்படியே அனுப்பினேன். "யோசிச்சு சொல்றேன்" என்றார், அதோடு சரி. ஆபீஸில் முகம் சுளித்தார்கள், திட்டவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அடையாறு பானு:
நல்லது. அந்த நம்பரை அழித்துவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விகளோடு சேர்த்து உங்கள் பக்கத்து புரோக்கர் குரூப்பில் போடுங்கள். அந்த ஆள் வேறு பெயர் சொல்லி வேறு பெண்ணைக் கூப்பிடக்கூடும். எந்தப் போர்ட்டலில் விளம்பரம் போட்டீர்கள்? "காலி வீடு, உடனே குடியேறலாம்" என்று வாசல் தெரிகிற படத்தோடு போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சாவிக்கொத்து? இருக்கிறீர்களா?

திருச்சி தேவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மனை காட்டுகிறேன். ஊருக்கு வெளியே சைட், பார்ட்டி தன் காரிலேயே ஏறி வரச் சொல்கிறார். இங்கேயே கேட்கலாமா, தனி இழை போடவா?

தாம்பரம் தாஸ்:
தனி இழை போடுங்கள் மேடம், நிறையப் பேசலாம். அதுவரை காரில் ஏற வேண்டாம். சைட் எந்த ஊர், வழியில் டவர் கிடைக்குமா, புரமோட்டர் ஆபீஸ் அங்கே இருக்கிறதா, இதையும் சேர்த்து எழுதுங்கள்.