நீராவியை நிறுத்தி நீர் செலுத்துகிறோம், அமுக்கம் இறங்குகிறது: உதவி தேவை

கொக்குவிலான்:
வணக்கம். ஓமானில் தடித்த எண்ணெய் எடுக்கும் வயலொன்றில் வேலை செய்கிறேன். இப்போது விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் நிற்கிறேன். எண்ணெயை இளக்கப் பல ஆண்டுகளாக நீராவி செலுத்திய பகுதியில், எரிவாயுச் செலவு கட்டுப்படியாகாமல் நீருக்கு மாறினோம். நீர் தடையின்றி இறங்குகிறது. ஆனால் எண்ணெய் தேங்கியுள்ள பாறைப் படுகையின் அமுக்கம் விழுகிறது, எண்ணெயும் குறைகிறது. ஒரு கிணறு மட்டும் சட்டென்று குளிர்ந்து தண்ணீராகவே தருகிறது. பழையபடி நீராவிக்கே போகலாம் என்கிறார் மேலாளர். என்ன செய்யலாம்?

உரும்பிராய் மூத்தவர்:
தம்பி, இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். அமுக்கம் விழுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். 10 பார் அமுக்கத்தில், சுமார் 180 பாகை செல்சியஸில், ஒரு கிலோ நீராவிக்குத் தேவையான இடம் அதே சூட்டிலுள்ள ஒரு கிலோ நீரைப் போல 170 மடங்கு. குளிர்நீர் பட்டதும் நீராவி ஒடுங்கிவிடும். நீங்கள் செலுத்தும் நீர் முதலில் அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. அது நிரம்பும்வரை எண்ணெயைத் தள்ளாது. செலுத்திய நீரில் வெளிவந்த திரவத்தைக் கழித்து, பாறைத் துளைகளில் நீராவி பிடித்திருந்த கனவளவோடு ஒப்பிடுங்கள். நிரம்ப இன்னும் எவ்வளவு பாக்கி என்று மேலாளருக்கே தெரியும்.

அவசரப்பட்டு நீராவிக்குத் திரும்பாதீர்கள். பாறையில் தேங்கிய வெப்பம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியது. நீர் அதை உறிஞ்சி, சூடாகி முன்னே நகரும்.

கோண்டாவில் வாசகி:
குளிர்ந்த கிணறுதான் எனக்குக் கவலை. நீராவி மேலே எழும், நீர் அடியில் ஓடும். பம்பைத் தூக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று வெப்பநிலைப் பதிவு எடுங்கள் அண்ணா. அடியில் மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்திருந்தால் நீர் குறுக்குவழி பிடித்துவிட்டது. பதிவு எடுக்கும்வரை இறைப்பைக் குறையுங்கள். நம்மூர்ச் சுண்ணக்கல் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏறுவதைப் போலத்தான். நன்னீரைச் செலுத்துகிறீர்களா? அப்படியானால் பாறையிலுள்ள களிமண் வீங்கி அதன் துளைகளை அடைத்துவிடும்.

கொக்குவிலான்:
நன்றி தங்கச்சி. எண்ணெயோடு வரும் உவர்நீரையே வடித்துச் செலுத்துகிறோம். பதிவு எடுக்கச் சொல்லியிருந்தேன், இன்று வந்தது: அடிப்பகுதி மட்டும்தான் குளிர்ந்திருக்கிறது.

உரும்பிராய் மூத்தவர்:
அப்படியானால், கிணற்றின் சுவராக இறக்கிய உறைக்குழாயில் எண்ணெய் உள்ளே வர இட்ட துளைகளில் அடியிலுள்ளவற்றைச் சீமெந்து இட்டு அடையுங்கள். அதற்கு முன் அந்த உறைக்குழாயை அமுக்கச் சோதனை செய்யுங்கள் தம்பி. சூட்டில் நீள முடியாமல் இறுகிக் கிடந்த குழாய், குளிரும்போது சுருங்கி மூட்டுகளை இழுக்கும். அங்கே கசிவு இருந்தால் தண்ணீர் வரும் வழியே வேறாகிவிடும்.