உறைதோளா, தோளிறுக்கமா?

வணக்கம்.

விழுந்து தோளில் அடிபட்டவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளுக்கான கையேட்டில், தோள்மூட்டு நோவெடுத்து அசைக்க முடியாமல் போகும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்ற நோய்க்கு 'உறைதோள்' போடலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். சொல் கச்சிதமானது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கையேடு போய்ச் சேரப்போவது நுவரெலியா, ராகலை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு. நுவரெலியாவில் தை, மாசியில் பனி கொட்டிக் கொழுந்து கருகும். அங்கே உறைதல் என்றாலே குளிர்தான். பனியில் நின்றதால் வந்த நோய் என்று நினைத்துக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருந்தால் இன்னும் இறுகும்.

இந்த ஆங்கிலப் பெயரை 1934இல் வைத்தவர் பொஸ்டன் மருத்துவர் கொட்மன். 1945இல் நெவியாசர் என்ற மருத்துவர், தோள்மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப்பை தடித்துச் சுருங்கியிருப்பதை எடுத்துக்காட்டினார். ஆக, நடப்பது உறைதல் அல்ல, இறுகுதல். அதனால் 'தோளிறுக்கம்' என்கிறேன். நோயின் மூன்று கட்டங்களுக்கும் இது பொருந்தும்: நோவுக் கட்டம், இறுக்கக் கட்டம், தளர்வுக் கட்டம். உறைதோள் என்றால் கடைசிக் கட்டத்தை 'உருகும் கட்டம்' என்றல்லவா எழுத வேண்டிவரும்?

'தோள்பிடிப்பு' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு நாளில் விட்டுப்போகும் சுளுக்கையும் நம் சனம் பிடிப்பு என்றுதான் சொல்லும். தோளிறுக்கம் தளர ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். சீனி வியாதி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். சுளுக்குக்கும் இதற்கும் ஒரே பெயர் கூடாது.

கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பாருங்கள். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னே கூடைக்குள் எறிவார். முழங்கை உயர்ந்து, மேற்கை வெளிப்பக்கமாகத் திரும்பினால்தான் அது முடியும். தோளிறுக்கத்தில் முதலில் குறைவது அந்தத் திருப்பம்தான். 'வெளிச்சுழற்சி' என்று மட்டும் எழுதாமல், 'கூடைக்கு எறியும் திருப்பம்' என்றும் பக்கத்தில் போட்டால் உடனே விளங்கும்.

அப்புறம், 'ஸ்ட்ரெச்சிங்' என்பதற்கு 'இழுப்புப் பயிற்சி' வேண்டவே வேண்டாம். இழுப்பு என்றால் மூச்சிழுப்பு, இல்லாவிட்டால் வலிப்பு. 'நீட்டற்பயிற்சி' போதும். கொட்மன் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சிக்கு 'கைசுழற்றல்' என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகிற கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல அசைக்க வேண்டும். கை தானாக ஆடும். சுழற்றல் என்று படித்தால் தசையை இறுக்கிச் சுழற்றுவார்கள். 'கையூசல்' சரியாக இருக்கும்.

எலும்பு முறிந்தவர்களும் மூட்டு விலகியவர்களும் டொக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக்கூடாது என்ற வரி முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வரட்டும்.

சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தும் பயிற்சிக்கு 'விரலேற்றம்' என்று வைத்திருக்கிறேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதைவிட நல்ல சொல் புழங்கினால் எழுதுங்கள்.