ராமநாதபுரம் கடற்கரைப் பயணத்தில் வாக்கி டாக்கி: உங்கள் அனுபவம் எப்படி?

மதுரையிலிருந்து:
முன்னால் எங்கள் கேரவன், பின்னால் காரில் மச்சான் குடும்பம். உச்சிப்புளி தாண்டும் வரை போனிலேயே பேசிக்கொண்டோம். பாம்பன் பாலம் ஏறியதும்தான் வாக்கி டாக்கிக்கு வேலை வந்தது. புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டி நிற்கிறார்கள். கேரவன் மறைப்பதால் மச்சானுக்கு எதிரே வருவது எதுவும் தெரியாது. "மச்சான், எதிரே பஸ் வருது, முந்தாதீங்க" என்றால் போதும், நம்பர் தேட வேண்டியதில்லை.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் அனுப்புகிறது. வாக்கி டாக்கி செட் மட்டும் பேசியது. மரமும் மேடும் இல்லாத இடம் என்பதால் இடிந்த சர்ச் பக்கம் நின்ற மச்சான் குரல் முனை வரை கேட்டது. அதே செட் அரியமான் சவுக்குத் தோப்புக்குள் கொஞ்ச தூரத்திலேயே கரகரத்தது. பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

கீழக்கரையிலிருந்து:
தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். நாங்கள் வாலிநோக்கம் பக்கம் தெரிந்தவர் பனங்காட்டில் கேரவனைப் போடுவோம். மணலில் கேரவனைப் பின்னால் எடுப்பதற்குத்தான் எங்களுக்கு செட்டே. மாமா பின்னால் நின்று "இடது ஒடி... இன்னும்... நிறுத்து" என்பார். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும். இல்லாவிட்டால் "இடது" போய் "ஒடி" மட்டும் வரும், பனைமரம் கண்ணாடியைப் பேர்த்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றுக்கு முதுகைக் காட்டி, மைக்கைக் கையால் மறைத்துப் பேசுங்கள். கத்தினால் இன்னும் மோசம்.

மண்டபத்திலிருந்து:
மதுரை அண்ணே, என்ன செட் என்று சொல்லவில்லையே? இது எல்லைக் கடல். போன தடவை சொந்தக்காரர்களோடு கரையில் நின்றபோது கடலோரப் போலீஸ் வந்து செட்டைக் கேட்டார்கள். ஏட்டையா அதைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் 446 என்று இருப்பதைப் படித்துவிட்டுக் கையில் கொடுத்தார். அது செட் பேசும் அலைவரிசை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் பேசும் குறைந்த சக்தி செட்டுக்கு 2018 விதிப்படி லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில் கேம்பிங் போகிறவர்கள் வைத்திருப்பது 462, 467. அங்கிருந்து வரும் மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தாலும் இங்கே அதை எடுக்க வேண்டாம். சாட்டிலைட் போன் பேச்சே வேண்டாம், கேஸ் ஆகிவிடும்.

எங்கள் விசைப்படகு செட்டோடு பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பேசாது. படகில் இருப்பது கடல் வி.எச்.எஃப்., படகுகளுக்கான வேறு அலைவரிசை ரேடியோ. அதில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கு அழைப்பது. கரையில் நிற்கும் உங்களுக்கு அவசரம் என்றால் போனில் 1093, கடலோரப் போலீஸ். கடலோரக் காவல்படைக்கு 1554. டவர் மாறிக் கிடந்தால் செட்டில் பின்வண்டிக்காரரிடம் சொல்லி, சிக்னல் உள்ள இடத்திலிருந்து அவரைப் போன் செய்யச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:
446தான் தம்பி, இப்பதான் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர் முனையில் பச்சை பிடித்திருக்கிறது, உப்புக்காற்று. துடைக்க என்ன போடுவீர்கள்?