வாப்பாவுக்கு தமிழில் பேசி வைத்தியம் செய்யும் ஆள் வேண்டும் (கொழும்பு)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாப்பாவுக்கு 58 வயது. ஆமியில் 20 வருஷம் இருந்து 2008இல் விலகினவர். இவ்வளவு காலமும் சமாளித்தார். போன பெப்ரவரி சுதந்திர தின ஒத்திகைக்கு ஹெலி தாழப் பறந்த நாளிலிருந்து இரவில் படுப்பதே இல்லை. கதவுப் பக்கம் கதிரையைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறார். கண் அசந்தால் சிங்களத்தில் கத்தி எழும்புவார். உம்மா தொட்டு எழுப்பப் பயப்படுகிறா.

குடும்ப டொக்டர் தந்த தூக்கக் குளிசை ஒரு கிழமைதான் கேட்டது. பிறகு ஓர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டினோம். செர்ட்ரலின் என்ற மனநலக் குளிசை 50 மில்லிகிராம், மூன்று மாதம் ஒழுங்காகக் குடிக்கிறார். கோபம் குறைந்தது, கனவு குறையவில்லை. அங்கே ஐந்து நிமிஷம்தான், துண்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி எண்ணுக்கும் எடுத்தேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் வாப்பா போனில் பேசமாட்டார். “எனக்குப் பைத்தியமா?” என்கிறார். இல்லை, இது காயம். அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

சிங்களம் நல்லா வரும், ஆனாலும் மனம் விட்டுப் பேசுவது தமிழில்தான். நாங்கள் தெமட்டகொட.

போர் அதிர்ச்சிக்கு நேரில் இருத்திப் பேசி வைத்தியம் செய்யும், தமிழ் தெரிந்த உளவியலாளர் கொழும்பில் யார் இருக்கிறார்?