சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம்: எப்படித் தயாராவது?

ஓடைக்கரை:
அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஊரை ஒட்டிப் புதிதாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது, இன்னும் 24 நாள் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் வெடிவைப்பும்தான் ஜனங்களின் கவலை. ஊரே திரண்டு போய் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடுமா? நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம், அதில் எதைப் படிப்பது?

கருவேலம்:
எதிர்ப்பு மட்டும் தெரிவித்தால் நிற்காது. 2006 ஈ.ஐ.ஏ. (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கையின்படி இது ஓட்டெடுப்பு இல்லை, இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கோரமும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். ஆயிரம் பேர் கோஷம் போட்டாலும் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரே வரிதான் குறிப்பில் ஏறும். ஆனால் பக்க எண் சொல்லிக் கேட்ட கேள்வியை அப்படி மழுப்ப முடியாது. கூட்டத்தில் எழுந்த கவலைகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் குழுவும் அவற்றைப் பரிசீலித்து, ஏற்றாலும் தள்ளினாலும் காரணம் சொல்ல வேண்டும் என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முழுவதும் படிக்க வேண்டாம். 2, 3, 4, 10 ஆகிய அத்தியாயங்கள் போதும். 2-இல் குழியின் இறுதி ஆழம் இருக்கும், 3-இல் நிலத்தடி நீர்மட்டம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழி நீர்மட்டத்துக்குக் கீழே போகிறதென்றால் ஊற்று உடையும், தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு இறைப்பார்கள், எந்த ஓடையில் விடுவார்கள், சுற்றுக் கிணறுகள் எவ்வளவு இறங்கும் என்று 4-இல் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் கேள்வி.

கையில் சொந்தக் கணக்கும் வேண்டும். விடியற்காலை, மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய டேப்பைக் கிணற்றில் இறக்கி அளங்கள். கைப்பிடிச் சுவர் உயரத்தைக் கழித்துவிட்டுத் தரைமட்டத்திலிருந்து எழுதுங்கள். கழிக்க மறந்தால் ஒரு மீட்டர் தப்பாகிவிடும், அந்த ஒன்றை வைத்தே மொத்தப் பட்டியலையும் ஒதுக்குவார்கள். புல எண், தேதி, போட்டோ மூன்றும் சேரட்டும். கூடவே வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (புலவாரிப் பயிர்க் கணக்கு) நகல் கேளுங்கள். அறிக்கை "தரிசு" என்று சொல்லும் புலத்தில் கிணற்றுப் பாசனப் பயிர் பதிவாகியிருந்தால், அதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

வெடிமருந்து மணம்:
வெடிவைப்புக்கு ஒரு சேர்க்கை. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளில் அதிர்வு வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 என்று வரம்பு. அறிக்கையில் "ஊர் இத்தனை கிலோமீட்டர் தொலைவில்" என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் தாய் கிராமத்துக்கான தூரம்தான். குத்தகை எல்லைக்கு அருகிலுள்ள காலனி வீடும் காட்டுக்கொட்டாயும் கணக்கில் வராமல் போகும். கடைசி வீட்டிலிருந்து நீங்களே தூரம் எடுத்து, ஒரு டிலேக்கு (ஒரே நொடிப்பொழுதில் வெடிக்கும் தொகுதிக்கு) எத்தனை கிலோ வெடிமருந்து, அந்த வீட்டில் அதிர்வு எவ்வளவு என்று கேளுங்கள். இப்போதுள்ள சுவர் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் விரிசலெல்லாம் பழசு என்பார்கள்.

ஓடைக்கரை:
ரொம்ப நன்றி. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் வரவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கருவேலம்:
இன்றே எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தை நிற்காது. தமிழ்ச் சுருக்கம் கிடைக்காததால், மக்கள் கருத்துச் சொல்லத் தர வேண்டிய 30 நாள் அவகாசம் நிறைவேறவில்லை, மறு அறிவிப்புச் செய்து புதுத் தேதி வையுங்கள் என்று கலெக்டருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு அனுப்புங்கள். தேதி மாறாவிட்டாலும் பின்னால் வழக்குக்கு இந்த மனு உதவும்.

நெல்லி:
கூட்டத்தன்று கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் கலெக்டராகவோ டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) நிலைக்குக் குறையாத அதிகாரியாகவோ இருக்க வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். பேசுவது, எழுத்தில் கொடுப்பது இரண்டையும் செய்யுங்கள். மைக் கைக்கு வந்ததும் பேர், ஊர், பக்க எண், ஒரு கேள்வி. ஆளுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. எழுதியதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

பெரும்பாலான ஊர்களில் கோட்டை விடுவது கடைசி அரை மணி நேரத்தில்தான். பேசி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் எழுந்த கேள்விகளின் தொகுப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விட்டுப்போனதை அப்போதே சொல்லிச் சேர்க்க வைக்கலாம். அதற்கென்று நாலு பேராவது கையில் பட்டியலோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தால் நிறுவனம் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், ஒன்று தமிழில். அனுமதி விவரங்கள் வரும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தையும் பார்த்து வாருங்கள். சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.