புதுப்பிப்பு: அம்பத்தூர் லேத் பட்டறை வெள்ள கிளெய்ம் முடிந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மழைநீர் புகுந்து பட்டறை மோட்டார்கள் பழுதானதையும், சொத்து மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை குறைவு என்று, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கிளெய்ம் தொகையை அதே விகிதப்படி வெட்டப் பார்த்ததையும் எழுதியிருந்தேன். “பாலிசியில் 15% சலுகை இருக்கிறதா பாருங்கள்” என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. என்னுடையது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கானது. அதில் 15% வரையிலான குறைவுக்குப் பிடித்தம் கிடையாது. என் சொத்து மதிப்பு 28 லட்சம், காப்பீடு 25 லட்சம்; அதாவது சுமார் 10.7% தான் குறைவு. அந்தப் பிரிவைக் காட்டி மின்னஞ்சல் அனுப்பியதும் வெட்டு நீங்கியது.

எதிர்பாராத ஒன்று: அடுத்த தெரு ஷெட்டில் இருந்த கம்ப்ரஸருக்குப் பணம் வரவில்லை. அந்த முகவரி பாலிசியில் இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.